சொல்லிவிட்டுத் தொடு

அந்த முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடியில் அவளுக்குக் கப்சிப் என்று பேர். வைத்தவள் ரேடியோ. ரேடியோவுக்கு அந்தப் பேர் யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்ததில்லை. அவள் வாயைத் திறந்த முதல் நாளே தானாக வந்து ஒட்டிக்கொண்டது. இருவருக்கும் ஒரே ஷிஃப்ட், ஒரே தாழ்வாரம், எதிரெதிர் அறைகளில் பணிவிடை. ஒருத்தியை ஒருத்திக்கு அறவே பிடிக்காது. ஆனால் ஒருத்தி லீவு போட்டால் இன்னொருத்திக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிடும். அது எப்படி என்று சொன்னால்தான் மற்றது விளங்கும்.

கப்சிப் ஊமை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டயர் கடைக்கு மேலே இருந்த அவர்களுடைய வீட்டில் காலையில் முதலில் கேட்பது அவள் குரல்தான். கீழே அதே கடையில் வேலை செய்த கணவன், "வீட்டுக்குள்ள வாய் கிழியுது. படி இறங்கினதும் யார்கிட்டயாவது குடுத்துத் தச்சுக்குவியா?" என்று கேட்பான். காய்கறிக் கடையில் எடையைக் குறைத்தவனிடமும், பேருந்தில் காலை மிதித்தவனிடமும் சரிக்குச் சரி நிற்பாள். ஒற்றை ஆள் என்றால் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. நாலு பேர் உட்கார்ந்து, அவள் மட்டும் நின்று, அத்தனை கண்ணும் அவள் வாயையே பார்த்தால்தான் வில்லங்கம். முழங்கால் பூட்டிக்கொள்ளும். நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். காதுக்குள் வெந்நீர்க் கேத்தல் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும்.

இதற்கு என்ன காரணம் என்று கல்லூரியில் படிக்கும் மகள் தோண்டித் துருவிப் பார்த்துவிட்டாள். சின்ன வயதில் யாராவது அடித்தார்களா, வகுப்பில் சிரித்தார்களா என்று. அப்படி ஒன்றும் இல்லை. சிலருக்கு வண்டியில் ஏறினால் வாந்தி வருகிறது, அதற்கு யாரும் கதை தேடுவதில்லை. இவளுக்குக் கூட்டத்தைப் பார்த்தால் குரல் போகிறது. அவ்வளவுதான்.

பக்கவாதம் வந்து படுத்த மாமனாரைப் பார்த்துக்கொண்டதில்தான் அவளுக்கு இந்த வேலை கைவந்தது. அவர் போன பிறகு முறையாகப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கினாள். பயிற்சியில் முதல் பாடமாக எல்லோருடைய கண்ணையும் கட்டி உட்கார வைத்து, எதுவும் சொல்லாமல் பின்கழுத்தில் ஈரத்துணியை வைத்தார்கள். பாதிப் பேர் துள்ளிக் குதித்தார்கள். ஒருத்தி கையை ஓங்கியே விட்டாள். அடுத்தது, "இப்ப கழுத்துல துணி வைக்கப் போறேன், கொஞ்சம் குளிரும்" என்று சொல்லிவிட்டு வைத்தார்கள். ஒருவரும் அசையவில்லை. அதே துணி, அதே தண்ணீர். சொல்லிவிட்டுத் தொடு என்பதுதான் பாடம்.

படிக்கும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். வேலையில் சேர்ந்து ஒரு மாதம் ஆனதும் மறந்துவிடுவார்கள். ஒரு காலைக்குள் இத்தனை பேரைக் குளிப்பாட்டித் துடைத்து உடுத்த வேண்டியிருக்கும்போது ஒவ்வொன்றையும் யார் சொல்லிக்கொண்டிருப்பது? கப்சிப் சொல்லிக்கொண்டே இருந்தாள். இப்ப வலது கையைத் தூக்கறேன். இப்ப சோப்பு. இப்ப ஒருக்களிச்சுப் படுக்க வைக்கப் போறேன், தலை சுத்தினா சொல்லுங்க. காது கேட்காதவருக்கும் சொன்னாள், நினைவு தப்பியவருக்கும் சொன்னாள். சாப்பிடும்போது மேஜையில் தட்டை வைத்துவிட்டு, "இப்ப குழம்பு ஊத்தப் போறேன்" என்று வீட்டிலும் வந்துவிடும். "ஊத்து, நான் தாங்கிக்கறேன்" என்பான் கணவன்.

ஆக, நாள் முழுக்கப் பேசுகிறவளுக்குத்தான் கப்சிப் என்று பேர். காரணம் ரிப்போர்ட்.

ஷிஃப்ட் மாறும்போது தாழ்வாரத்துக் கோடியில் இருந்த பெரிய அறையில் எல்லோரும் கூடுவார்கள். வருகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். போகிறவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்று, தன் பொறுப்பில் இருக்கிறவர் என்ன சாப்பிட்டார், மலம் போனதா, தோல் எங்காவது சிவந்திருக்கிறதா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மேட்ரன் கேட்டுக் குறித்துக்கொள்வார். மேட்ரனுக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கப்சிப் எழுந்து நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். "உன் ஆளுங்களுக்கு என்னன்னு கேட்டேன், உனக்கு என்னன்னு கேக்கல," என்றார் மேட்ரன். அறையே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் பேர் பிறந்தது.

அன்றைக்குத் துணி அலமாரிப் பக்கம் ரேடியோ அவளை ஓரங்கட்டினாள். "அக்கா, ஒண்ணு சொல்லவா? உனக்கு வாய் இல்ல, எனக்கு இடுப்பு இல்ல. நீ என் ஆளுங்களைத் தூக்கு. உன் ஆளுங்க ரிப்போர்ட்டை நான் சொல்லிக்கறேன்."

ரேடியோவின் இடுப்பு ஊர்ப் பிரசித்தம். சிற்றுண்டி வேளையில் வலிக்காது, மாடிப்படியில் யாரைப் பற்றியாவது பேசும்போது வலிக்காது, ஆளைத் தூக்கும் நேரத்தில் மட்டும் பிடித்துக்கொள்ளும். இது தெரிந்தேதான் கப்சிப் ஒத்துக்கொண்டாள். அன்றிலிருந்து ரேடியோவின் ஆட்களையும் தன் ஆட்களையும் அவளே தூக்கினாள், திருப்பினாள், நாற்காலிக்கு மாற்றினாள். தானாக நிற்க முடியாதவர்களின் கட்டில் தலைமாட்டில் சிவப்புத் தாள் ஒட்டியிருக்கும். அவர்களை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும் என்று விதி. அவர்களையும் அவள் ஒற்றையாகவே தூக்கினாள். மாலையானால் ரேடியோ எழுந்து நின்று இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அளந்துவிடுவாள். நேரம் மிச்சம் என்று மேட்ரனும் ஒன்றும் கேட்டதில்லை. கப்சிப் பின்சுவரில் சாய்ந்து, தன் வேலை இன்னொருத்தியின் வாயில் வருவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். சில நாள் சரியாக வரும். சில நாள் கொஞ்சம் கூடவோ குறையவோ வரும். பல்லைக் கடித்துக்கொள்வாள். நின்று பேசுவதைவிடப் பல்லைக் கடிப்பது சுலபமாக இருந்தது.

கண்டக்டர் அவளுடைய ஆள், சிவப்புத் தாள் ஒட்டிய கட்டில்காரர். பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்துக்குப் பிறகு வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு சொல் மட்டும் தங்கியது. ரைட். பசிக்கிறதா என்றால் ரைட். பசிக்கவில்லையா என்றால் அதற்கும் ரைட். அந்த ஒன்றை வைத்தே கோபம், சலிப்பு, கிண்டல் எல்லாம் காட்டுவார். காது பழகினவர்களுக்குப் புரியும். வாரம் தவறாமல் பார்க்க வரும் அவருடைய மகளுக்குப் புரியவில்லை. வங்கியில் அதிகாரியாக இருந்த அந்த அம்மாளுக்கு வந்தவுடன் யாரையாவது திட்ட வேண்டும். தலையணை உறை, ஜன்னல் தூசி, அப்பாவின் நகம், எது கிடைத்தாலும் சரி.

நடந்தது இதுதான். குளித்து முடித்துக் குளியல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, சக்கரப் பூட்டைப் போடக் குனிந்தாள் கப்சிப். நாற்காலி நின்றதும் பஸ் நின்றதாக நினைத்துவிட்டாரோ என்னவோ, "ரைட்" என்று சொல்லிக்கொண்டே கண்டக்டர் எழுந்து இறங்கப் பார்த்தார். தரையில் சோப்புத் தண்ணீர். இடது கால் வழுக்கியது. பக்கத்தில் இன்னொருத்தி நின்றிருந்தால் தூக்குவதற்காக அவர் இடுப்பில் கட்டியிருந்த பட்டையைப் பிடித்திருப்பாள். இன்னொருத்தி மாடிப்படியில் நின்று கதை பேசிக்கொண்டிருந்தாள். கப்சிப் பாய்ந்து அவருடைய மேல்கையைப் பிடித்தாள். பிடித்து இழுத்து நாற்காலியில் போட்டாள்.

சொல்லாமல் தொட்டது அந்த ஒரு தடவைதான். அவருக்கு மூச்சு இறைத்தது, அவளுக்கும் இறைத்தது. "ஐயா, கையைப் பிடிச்சுட்டேன். சொல்ல நேரமில்ல. தப்புதான்," என்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ரைட்" என்றார். அந்த ரைட்டில் மன்னிப்பு ஒன்றும் தெரியவில்லை.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். அப்படிப்பட்டவர்களுக்குச் சும்மா அழுத்தினாலே கறுத்துப்போகும். இது பெரிதாகப் படரும் என்று அவளுக்குத் தெரியும். ஷிஃப்ட் முடிவதற்குள் ரேடியோவைப் பிடித்து, வழுக்கியது, பிடித்தது, ரத்தக்கட்டு வரப்போவது எல்லாவற்றையும் சொல்லி, மறக்காமல் ரிப்போர்ட்டில் சேர்க்கச் சொன்னாள்.

"அப்ப நான் எங்க இருந்தேன்னு கேப்பாங்களே," என்றாள் ரேடியோ.

"இடுப்பு வலின்னு சொல்லு. எப்பவும் சொல்றதுதானே."

"சரி சரி, நான் பாத்துக்கறேன்."

ரிப்போர்ட் வந்தது. ரேடியோ எழுந்தாள். "கண்டக்டர் ஐயா குளிச்சார், நல்லா சாப்பிட்டார், ஜம்முனு இருக்கார். அடுத்தது..."

பின்சுவரில் கப்சிப்பின் முதுகு நிமிர்ந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும். வாயைத் திறந்தாள். அறையில் உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார்கள். காதுக்குள் கேத்தல் கொதித்தது. வாயை மூடிக்கொண்டாள். மேட்ரனிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மேட்ரன் அன்று நேராகக் கிளம்பிப் போய்விட்டார். மறுநாள் அவளுக்கு வார லீவு. அந்த மறுநாள்தான் கண்டக்டரின் மகள் வந்து சட்டைக் கையைச் சுருட்டிப் பார்த்தாள்.

முழங்கைக்கு மேலே கத்தரிக்காய் நிறத்தில் நான்கு விரல், ஒரு கட்டைவிரல். அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் கீழ்த்தளத்துச் சமையற்காரர் கரண்டியோடு மேலே ஓடி வந்தார்.

மேட்ரன் கூப்பிட்டு விசாரித்தபோது கப்சிப் ஒன்று விடாமல் சொன்னாள். ஒற்றை ஆள்தானே, நன்றாகவே சொன்னாள். மேட்ரன் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டே கேட்டார். "ரேடியோகிட்ட கேட்டேன். வழுக்கவே இல்லைங்கறா, நீ எதுவுமே சொல்லலைங்கறா. நீ ஒண்ணு சொல்ற, அவ ஒண்ணு சொல்றா. நான் யாரை நம்பறது? அந்தம்மா குடும்பக் கூட்டத்துல கேக்கப் போறாங்க. யார் டூட்டியோ அவங்கதான் எழுந்து பதில் சொல்லணும், அதுதான் இங்க வழக்கம். பதில் சொல்லு. சொல்லலைன்னா ஒப்புக்கிட்டதா அர்த்தம். கை நீட்டினவங்கன்னு எழுதித்தான் அனுப்புவேன்."

கை நீட்டினவள். இந்தத் தொழிலில் அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. திருடியவளைக்கூட இன்னொரு இல்லம் சேர்த்துக்கொள்ளும். கை நீட்டினவளைத் தெருவில் பார்த்தால்கூடக் கதவைச் சாத்துவார்கள். கப்சிப்புக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். பிடித்த வேலையும் இது ஒன்றுதான், அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

துணி அலமாரிப் பக்கம் மறுபடியும் ரேடியோ வந்தாள். போர்வைகளை மடித்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, கூடப் பிறந்தவளைப் போலப் பேசினாள். "அக்கா, உன்னால எழுந்து நிக்க முடியாது. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எப்பவும் போல நானே உனக்காகப் பேசிடறேன். பழி பெருசா வராம பாத்துக்கறேன்."

"நீ அன்னைக்கே பேசியிருக்கணும்."

"அன்னைக்குப் பேசியிருந்தா என் வேலையும் சேர்ந்து போயிருக்கும். எனக்கு என் பிள்ளைங்க முக்கியம் அக்கா. நீ கோவிச்சுக்காத." கோவித்துக்கொண்டாலும் தனக்கொன்றும் இல்லை என்பது அவள் மடிப்பிலேயே தெரிந்தது. விளிம்போடு விளிம்பு சேராமல் சுருட்டி வைத்துவிட்டுப் போனாள். கப்சிப் அத்தனையையும் பிரித்து மறுபடி மடித்தாள்.

வீட்டில் மகள் பாடம் எடுத்தாள். போனில் யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு வந்து, கண்ணாடிக்கு முன் நில் என்றாள், மூச்சை வயிற்றிலிருந்து இழு என்றாள், கூட்டத்தில் ஒரு முகத்தை மட்டும் பார் என்றாள். கண்ணாடிக்கு முன் கப்சிப் நன்றாகவே பேசினாள். அங்கே இருந்ததும் ஒற்றை ஆள்தான். கடைசியில் மகள் இன்னொரு வழி சொன்னாள். "அம்மா, எதிர்ல உக்காந்திருக்கவங்க யாரும் துணி போடலைன்னு நினைச்சுக்கோ. பயம் போயிடுமாம்."

கணவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "உங்கம்மா தினமும் அதைத்தான்டி பாக்கறா."

கப்சிப் சிரிக்கவில்லை. துணி இல்லாதவர்களிடம் அவளுக்கு ஒருநாளும் பயம் இருந்ததில்லை. துணி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களிடம்தான் எல்லாத் தொல்லையும். தட்டைக் கழுவும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

குடும்பக் கூட்டம் சாப்பாட்டு அறையில் நடந்தது. மேஜைகளைச் சுவரோரமாகத் தள்ளி நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். மகன்கள், மகள்கள், மருமகள்கள், மடியில் பழப்பை, கையில் கார்ச் சாவி. பணியாளர்கள் ஓரத்தில் நின்றார்கள். முதல் வரிசையில் சக்கர நாற்காலியில் கண்டக்டர், அருகே மகள். அவள் மற்ற விஷயங்கள் முடியும்வரை காத்திருக்கவில்லை. அப்பாவின் சட்டைக் கையைச் சுருட்டி, நாற்காலியையே எல்லோர் பக்கமும் திருப்பிக் காட்டினாள். ரத்தக்கட்டு இப்போது பச்சையும் மஞ்சளுமாகப் பரவி, பார்க்க இன்னும் மோசமாக இருந்தது. அறை முழுக்க உச்சுக்கொட்டும் சத்தம் ஓடியது. யாரோ ஒருவர், இவர்களை எல்லாம் போலீஸில் கொடுக்க வேண்டும் என்றார். இன்னொரு அம்மாள் தன் தாயின் கையை அவசரமாகத் தடவிப் பார்த்தாள்.

"அப்பா, இவ உங்களை அடிச்சாளா?" என்று மகள் கேட்டாள்.

"ரைட்," என்றார் கண்டக்டர்.

அறை கொதித்தது. "அவர்கிட்ட அடிக்கலையான்னும் கேளுங்க," என்றார் மேட்ரன் சலிப்போடு. மகள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன வந்திருக்கும் என்பது மாடி முழுக்கத் தெரியும்.

மேட்ரன் கப்சிப்பின் பக்கம் திரும்பி, பதில் சொல் என்றார்.

அத்தனை தலையும் திரும்பின. முழங்கால் பூட்டியது. நாக்கு ஒட்டியது. நேரம் போய்க்கொண்டிருந்தது. முதல் வரிசையில் ஒருவர், "பாருங்க, முழிக்கறதைப் பாருங்க," என்றார். அப்போதுதான் ரேடியோ முன்னால் வந்து, மேஜை மேல் இருந்த மைக்கை எடுத்துக்கொண்டாள்.

ரேடியோ அழகாகப் பேசினாள். அதைச் சொல்லத்தான் வேண்டும். அக்காவுக்குப் பேச வராது, பாவம், அதனால் தான் பேசுவதாகத் தொடங்கினாள். அக்கா நல்ல உழைப்பாளி என்றாள். கை மட்டும் கொஞ்சம் முரட்டுக் கை, நாங்களும் பலமுறை பார்த்துப் பார்த்துப் பிடி என்று சொல்லியிருக்கிறோம், வேண்டுமென்று செய்திருக்க மாட்டாள், அவசரத்தில் ஏதோ அழுத்திவிட்டாள், பெரிய மனது பண்ணி மன்னித்துவிடுங்கள் என்றாள். குரல் தழுதழுத்தது. அறை கொஞ்சம் இளகியது. இரண்டு பேர் இப்படி ஒரு பெண் இருக்கிறாளே என்று ரேடியோவைப் பார்த்துத் தலையசைத்தார்கள்.

இத்தனை காலம் வாடகைக்கு விட்டிருந்த தன் வாய், தன்னைக் கட்டித் தெருவில் போடுவதைக் கப்சிப் நின்று கேட்டாள்.   ரேடியோவைப் பார்த்தாள், பிறகு வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். முறைத்தே பார்த்தாள். முதல் வரிசைக்காரரின் செருப்பில் குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. எண்ணெய் தடவ ஆளில்லை போலிருக்கிறது. பக்கத்து அம்மாளுக்குக் கழுத்து மடிப்பு ஆழம், வெயில் காலத்தில் உள்ளே புண் வரும். மூன்றாம் வரிசைப் பெரியவருக்குத் தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது, சட்டை போடும்போது அந்தக் கையை முதலில் நுழைக்க வேண்டும். எல்லாம் தோலும் மடிப்பும் மூட்டும்தான். என்றாவது ஒருநாள் யாராவது ஒருத்தி தண்ணீர் வாளியோடு இவர்கள் முன்னால் வந்து நிற்பாள். சொல்லிவிட்டுத் தொடுகிறவளாக இருந்தால் இவர்கள் அதிர்ஷ்டம்.

அவள் இரண்டு கையையும் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். வாய் தானாகத் திறந்தது, பழக்கத்தில் என்ன வருமோ அதுவே வந்தது.

"இப்ப பேசப் போறேன். கொஞ்சம் குளிரும்."

 யாரோ பின்வரிசையில் கெக்கலித்துச் சிரித்தார்கள், அது பரவியது. ஓரத்தில் நின்ற பணியாளர்களும் வாயைப் பொத்தினார்கள். மேட்ரன்கூடக் குனிந்துகொண்டார். கப்சிப்புக்குக் காது சுட்டது. ஆனால் ஒன்று தெரிந்தது. குரல் வெளியே வந்துவிட்டது. தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, இனிச் சோப்புப் போடாமல் விட முடியாது.

"முதல்ல அந்தக் கையைப் பத்திச் சொல்லப் போறேன். வலிக்கும்," என்றாள். "அது என் விரல்தான். நான்தான் பிடிச்சேன்."

சிரிப்பு அறுந்தது. கண்டக்டரின் மகள் எழுந்தே விட்டாள். "கேட்டீங்களா? அவ வாயாலயே."

"இன்னும் முடியல. உக்காருங்க. இப்ப அடுத்த பக்கம் திருப்பறேன்." படுத்திருப்பவரிடம் பேசும் அதே குரல், அவசரப்படாத, மறுபேச்சுக்கு இடம் கொடுக்காத குரல். அந்த அம்மாள் தன்னை அறியாமல் உட்கார்ந்தாள். "ஐயா எழுந்து இறங்கப் பாத்தார். வழுக்கினார். பிடிச்சேன். பிடிக்கலைன்னா இந்தக் கூட்டம் ஆஸ்பத்திரியில நடந்திருக்கும். எப்பவும் சொல்லிட்டுத்தான் தொடுவேன். அன்னைக்குச் சொல்ல நேரமில்ல. அதுக்கு ஐயாகிட்ட அப்பவே மன்னிப்பு கேட்டேன். உங்ககிட்ட கேக்க மாட்டேன். நீங்க வழுக்கல."

"திமிரைப் பாரு," என்றார் குதிகால் வெடித்தவர்.

"அவரைத் தூக்க ரெண்டு பேர் வேணும். நான் தனியா தூக்கினேன். இப்ப அது ஏன்னு சொல்றேன், இது இவளுக்கு வலிக்கும்." ரேடியோவைக் கையால் காட்டினாள். "எனக்குக் கூட்டத்துல பேச பயம். இவளுக்குத் தூக்க சோம்பல். இவ என் ரிப்போர்ட்டைச் சொல்லுவா, இவ தூக்க வேண்டியதை நான் தூக்குவேன். அதுதான் எங்க பேரம். ரத்தக்கட்டு வரும்னு அன்னைக்கே இவகிட்ட சொன்னேன். சொன்னா இவ எங்க இருந்தாங்கற கேள்வி வரும், அதனால இவ சொல்லல."

ரேடியோ மைக்கை இன்னும் கையில்தான் வைத்திருந்தாள். அவளால் எந்த மைக்கும் கையில் இருக்கும்போது சும்மா இருக்க முடியாது. "எவ்ளோ நன்றிகெட்ட ஆளு பாருங்க! நீதானேக்கா அன்னைக்கு என்கிட்ட கெஞ்சின, அவர் வழுக்கினதை எனக்காக நீயே ரிப்போர்ட்ல சொல்லுன்னு? நானா கேட்டேன்?"

ஒலிபெருக்கியில் அது அறையின் நான்கு மூலையிலும் போய் விழுந்தது. வழுக்கவே இல்லை, யாரும் எதுவும் சொல்லவே இல்லை என்று தன்னிடம் சாதித்த ரேடியோவை மேட்ரன் மெதுவாக நிமிர்ந்து பார்த்தார். ரேடியோவுக்குத் தான் சொன்னது தன் காதிலேயே விழ ஒரு நொடி ஆனது. மைக்கை மேஜை மேல் வைத்தாள்.

"ஆமா, அந்தப் பேரத்துக்கு நானும் ஒத்துக்கிட்டேன்," என்றாள் கப்சிப். "அது என் தப்பு."

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்டக்டரின் மகள் விடவில்லை. இந்தத் தடவை அவள் கத்தவில்லை, அதனால் இன்னும் கூர்மையாக இருந்தது. "அன்னைக்குச் சாயங்காலம் நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மருந்து போட்டிருப்பாங்க, எனக்கும் போன் வந்திருக்கும். இங்க வந்து எங்கப்பா கையை ஊர் பூராக் காட்டியிருக்க மாட்டேன். உனக்குப் பேச பயம். அதுக்காக எங்கப்பா தனி ஆள் கையில தொங்கணுமா?"

அந்த அறையில் அன்று பேசப்பட்டதில் மிக நியாயமான பேச்சு அதுதான்.   

"கூடாது," என்றாள் கப்சிப்.

கண்டக்டர், யாரும் எதுவும் கேட்காமலே, "ரைட்" என்றார்.

"இப்ப நிறுத்தப் போறேன்," என்று சொல்லிவிட்டுக் கப்சிப் சுவரோரம் போய் நின்றாள்.  கைதட்டல் ஒன்றும் இல்லை. ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. அடுத்த புகார் காபி ஆறிப்போய் வருவதைப் பற்றியது.

மேட்ரன் இரண்டு பேருக்கும் எச்சரிக்கை கொடுத்தார், ரேடியோவுக்குக் கொஞ்சம் காரம் கூடுதலாக. கை நீட்டினவள் என்ற சொல் எங்கும் எழுதப்படவில்லை. கண்டக்டரின் மகள் அப்பாவை வேறு இடத்துக்கு மாற்றப்போவதாக மிரட்டினாள், மாற்றவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். சிவப்புத் தாள் ஒட்டிய கட்டிலில் அவரைத் தொடும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் வந்து பார்ப்பேன் என்றாள். வரவும் வந்தாள். வந்தவுடன் முகத்தைக்கூடப் பார்க்காமல் சட்டைக் கையைச் சுருட்டுவாள். கப்சிப்புக்கு அவளைப் பிடிக்கவே இல்லை, ஆனால் அந்தச் சுருட்டலைத் தப்பு என்று சொல்ல முடியவில்லை.

கூட்டத்துக்கு மறுநாள் காலை கண்டக்டரின் குளியல் நாற்காலிக்கு ஒரு பக்கம் கப்சிப், மறுபக்கம் ரேடியோ. ரேடியோ இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். கப்சிப் அதைப் பார்க்கவே இல்லை. "ஐயா, இப்ப ரெண்டு பேரும் தூக்கப் போறோம்," என்றாள். ரேடியோ பட்டையைப் பிடித்தாள். தூக்கினாள். அவளால் நன்றாகவே தூக்க முடிந்தது, அதுதான் கப்சிப்புக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மாலையில் ரிப்போர்ட். இந்தத் தடவை அவளுக்குச் சாய்ந்துகொள்ளச் சுவர் இல்லை. பேர் வந்ததும் எழுந்தாள். முழங்கால் பழையபடி பூட்டியது. பயம் எங்கும் போய்விடவில்லை, வாசலில் கழற்றிவிட்ட செருப்பைப் போலக் காத்திருந்தது. "இப்ப பேசப் போறேன்," என்றாள்.

"கொஞ்சம் குளிரும்," என்றாள் பின்னாலிருந்து ரேடியோ. அறை விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து கப்சிப் என்ற பேர் போய் குளிரக்கா என்று ஆனது. அதுவும் ரேடியோவின் கைங்கரியம்தான்.

அவள் சிரிப்பு அடங்கக் காத்திருந்தாள். குழாயில் வெந்நீர் வரும்வரை கையை நீட்டிக்கொண்டு நிற்பதில்லையா, அதுபோல. பிறகு தொடங்கினாள். "கண்டக்டர் ஐயா. குளிச்சார், பாதிதான் சாப்பிட்டார். கை ரத்தக்கட்டு மஞ்சளாகி ஆறிட்டு வருது. கீழ்முதுகுல புதுசா ஒரு சிவப்பு, திருப்பித் திருப்பிப் படுக்க வைக்கணும். ரெண்டு பேராத்தான் தூக்கினோம். ஒருத்தி வாயை மூடிக்கிட்டுத் தூக்கினா, ஐயாவே ஆச்சரியப்பட்டார்."

இந்தத் தடவை சிரிப்பு வேறு பக்கம் போய் விழுந்தது. ரேடியோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேற?" என்றார் மேட்ரன், எழுதிக்கொண்டே.

"வேற ஒண்ணுமில்ல. இப்ப உக்காரப் போறேன்," என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்தாள்.